பழைய மெமுவில் புதிய பாண்டோ: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

விழுப்புரத்திலிருந்து ஒரு தடம் வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. இன்னொன்று பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் தாண்டிக் கடலூர் துறைமுகம் ஜங்ஷனுக்கு வருகிறது. இரண்டின் மேலும் ஓடுவது 25 கிலோவோல்ட் கம்பி. கடற்கரையை நோக்கி வரும் இந்தத் தடங்களில் ஒரு பழைய மெமு (குறுந்தூர மின்ரயில்) ரேக்கின் பாண்டோவை, அதாவது கூரையிலிருந்து எழும்பிக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கையை, மாற்றினால், முதல் சில வாரங்களில் வரும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஏறவில்லை, பொறி பறக்கிறது, ஓட்டத்தில் தானாக இறங்கிவிட்டது, தூறல் போட்டதும் ட்ரிப் ஆகிறது.

புகார் வந்ததும் எல்லாரும் கைகாட்டுவது புதிதாக மாட்டிய சாமானைத்தான். அதைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துச் சோதித்தால் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. திரும்ப மாட்டினால் அதே புகார் மறுபடி வரும். கோளாறு பெரும்பாலும் புதியது பழையதோடு சேரும் இடத்தில் இருக்கிறது. பழைய காற்றுக் குழாய், பாண்டோ உட்காரும் பழைய கூரைப் பீடம், பழைய கேபிள் முனை, மற்ற வண்டிகள் உரசிப் பழகிய கம்பி என்று அந்த இடங்களையே முதலில் பாருங்கள். இங்கே கடலூர், புதுச்சேரி பக்கம் ஐடிஐ முடித்துவிட்டுப் பராமரிப்பு வேலைக்கு வரும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அனுபவஸ்தர்களுக்கும் இரண்டொரு இடம் பயன்படலாம்.

கூரைக்கு ஏறும் முன்

பாண்டோ இறங்கியிருக்கிறது என்பதால் கூரை பத்திரமாகிவிடாது. கோச்சின் கூரை தண்டவாளத்திலிருந்து சுமார் நான்கு மீட்டர் உயரம். கம்பி ஐந்தரை மீட்டரை ஒட்டி ஓடுகிறது. நிமிர்ந்து நின்றால் தலை கம்பியில் இடிக்கும். உயிருள்ள கம்பிக்கும் உங்கள் உடம்புக்கும், கையில் இருக்கும் கருவிக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. கூரையில் நிற்பவருக்கு அந்த இடைவெளி கிடைக்கவே கிடைக்காது. அதனால் மின்சாரத்தை நிறுத்தாமல் கூரையில் எந்த வேலையும் இல்லை, ஒரு நட்டை இறுக்கக்கூட.

ஷெட் லைன் என்றால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரைத் திறந்து, பூட்டி, சாவியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எர்த்திங் சேர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், சொன்னதை நம்பாதீர்கள். அப்புறம் கம்பியைத் தண்டவாளத்தோடு இணைக்கும் டிஸ்சார்ஜ் ராடு. போடும்போது முதலில் தண்டவாளப் பக்கக் கிளாம்ப், பிறகு கம்பி. எடுக்கும்போது முதலில் கம்பி, பிறகு தண்டவாளம். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ராடு இருக்க வேண்டும். வெளி லைனில் என்றால், கம்பியின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிராக்‌ஷன் பவர் கன்ட்ரோலரிடமிருந்து எழுத்தில் பெர்மிட் வந்த பிறகுதான். தாமதமாகிறது, பயணிகள் கத்துகிறார்கள் என்பதெல்லாம் காரணமே அல்ல.

பழையதும் புதியதும் கம்பியை எப்படித் தள்ளுகின்றன

இது புரியாவிட்டால் கீழே வரும் எதுவும் சரியாகப் புரியாது. நம் பழைய வண்டிகளில் நெடுங்காலம் ஓடியது ஏஎம்-12 வகை, பிரெஞ்சு ஃபைவ்லே வடிவமைப்பு. அதில் கம்பியை மேலே தள்ளுவது ஸ்பிரிங். சர்வோ மோட்டார் என்ற காற்று உருளைக்குள் போகும் காற்று, இறக்கிப் பிடிக்கும் இன்னொரு ஸ்பிரிங்கை விலக்கி வழி விடுகிறது, அவ்வளவுதான். போதுமான காற்று வந்துவிட்டால் அதற்குமேல் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கம்பியின் மேல் விழும் விசை மாறாது. சுமார் 7 கிலோ விசை என்று ஸ்பிரிங்கில் ஒருமுறை வைத்துவிட்டால் அப்படியே நிற்கும்.

புதிய வகைகள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் காற்றுப் பை இருக்கிறது. பையில் உள்ள அழுத்தம்தான் விசை. காற்றை விட்டுவிட்டால் தன் எடையிலேயே இறங்கிவிடும். அழகான ஏற்பாடு, பாகங்களும் குறைவு. ஆனால் இதில் ரெகுலேட்டர் சற்று நகர்ந்தால் கம்பியின் மேல் விசை மாறுகிறது. காற்றில் எண்ணெயும் தண்ணீரும் வந்தால் ரெகுலேட்டர் தடுமாறுகிறது. பழைய பாண்டோ பொறுத்துக்கொண்ட அழுக்குக் காற்றைப் புதியது பொறுக்காது. பழைய ஆட்கள் பழக்கத்தில் ஸ்பிரிங்கைத் தேடுவார்கள். இங்கே கை போக வேண்டியது ரெகுலேட்டருக்கும் அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டருக்கும்.

அறிகுறி: ஸ்விட்ச் போட்டும் ஏறவில்லை

கூரைக்கு ஓடாதீர்கள். கீழேயே பாதி தெரிந்துவிடும். ஒருவர் கேபினில் ஸ்விட்ச் போடட்டும், நீங்கள் பாண்டோ வால்வு இருக்கும் பக்கம் காதை வைத்து நில்லுங்கள். வால்வு "டக்" என்று அடித்து, பின்னால் "உஸ்ஸ்" என்று காற்று போனால் மின்சாரப் பக்கம் சரி, கோளாறு அதற்கு மேலே. "டக்" கேட்கிறது, காற்றுச் சத்தமே இல்லை என்றால், குழாயைத் திறந்து மூடும் காக் மூடியிருக்கிறது அல்லது வால்வுக்கு முன்னால் அடைப்பு. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் வால்வின் மின்சுருள் (காயில்), வயர், சாவி இன்டர்லாக், பேட்டரி.

பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்து 110 வோல்ட் இருக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம். பாண்டோ ஏறுவதற்காகப் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசர், பேபி கம்ப்ரசர், ஓடும்போது பாருங்கள். இரவெல்லாம் பாண்டோ இறக்கி நிறுத்திவைத்த ரேக்கில் சும்மா இருக்கும்போது வோல்டேஜ் நன்றாகக் காட்டும், கம்ப்ரசர் இழுத்ததும் சரியும். கம்ப்ரசர் முனகும், கேஜ் முள் பாதியில் நிற்கும், லோகோ பைலட் "புது பாண்டோ ஏறவில்லை" என்று எழுதுவார். அதில் பாண்டோவின் குற்றம் எதுவும் இல்லை.

எல்லாம் இருந்தும் ஏறவில்லையா? பழைய குழாயைச் சோதிக்க எளிதான வழி இருக்கிறது. காக்கை மூடி, புதிய வால்வுக்கு முன்னால் உள்ள இணைப்பைக் கழற்றுங்கள். குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியை மடித்துப் பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு, காக்கைக் கொஞ்சமாகத் திறந்து மூடுங்கள். துணியை விரித்தால் பதில் அதில் இருக்கும். பழுப்பாகத் துகள் படிந்திருந்தால் உள்ளே துரு, குழாயை மாற்ற வேண்டும், ஊதிச் சுத்தம் செய்தால் ஒரு மாதத்தில் மறுபடி வரும். கறுப்பாகப் பிசுபிசுத்தால் கம்ப்ரசர் எண்ணெய் தள்ளுகிறது. நனைந்திருந்தால் தண்ணீரை வடிக்கும் காக்கை யாரும் திறப்பதில்லை. புதிய வால்வுகளின் துளைகள் பழையவற்றைவிடச் சிறியவை. பழைய குழாயின் துரு ஒரு பொடி போதும் அடைக்க. புதிய பாண்டோ மாட்டும் அன்றைக்கே இந்தத் துணிச் சோதனையைச் செய்துவிட்டால் பாதிப் புகார் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

அறிகுறி: ஏறுகிறது, ஆனால் ஆமை வேகம், அல்லது போய்க் கம்பியில் முட்டுகிறது

ஏஎம்-12க்கு ஏறும் நேரம் 6 முதல் 10 வினாடி, இறங்கும் நேரம் 10 வினாடிக்குள். புதிய வகைக்குத் தயாரிப்பாளர் கொடுத்த தாளில் உள்ள எண்ணை எடுங்கள், பழைய எண்ணை அதில் திணிக்காதீர்கள். நேரத்தைச் சரிசெய்வது திராட்டில் வால்வு. ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று, இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாள் போய்விடும். திராட்டிலை முழுக்கத் திறந்தும் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் திருகுவதை நிறுத்திவிட்டு மேலே சொன்ன குழாய்க்குத் திரும்புங்கள்.

அறிகுறி: ஓட்டத்தில் தானாக இறங்கிவிடுகிறது

புதிய பாண்டோக்களில் தானியங்கி இறக்கும் அமைப்பு உண்டு, ஷெட்டில் ஏடிடி என்பார்கள். பாண்டோவின் தலையான பானில் கம்பியை உரசும் கார்பன் ஸ்ட்ரிப் (பட்டை) இருக்கிறது, அதற்குள் ஒரு காற்று வழி ஓடும். ஸ்ட்ரிப் உடைந்தால் அல்லது எல்லைக்குமேல் தேய்ந்தால் அந்தக் காற்று வெளியேறும், பாண்டோ உடனே இறங்கிவிடும். உடைந்த பான் கம்பியில் மாட்டி நூற்றுக்கணக்கான மீட்டர் ஓஎச்இயை, அதாவது தலைக்குமேல் ஓடும் கம்பி அமைப்பை, இழுத்துச் சாய்க்காமல் காப்பது இதுதான். ஆகவே "அடிக்கடி இறங்குகிறது, ஏடிடி காக்கை மூடிவிடுங்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மூடி அனுப்ப வேண்டிய நிலை வந்தால் அது மேலதிகாரியின் எழுத்தில் இருக்க வேண்டும்.

முதல் கேள்வி, உண்மையாக ஏதாவது அடித்ததா, வெறும் கசிவா? பெர்மிட் எடுத்து மேலே போனதும் ஸ்ட்ரிப்பையும், பானின் முனையில் வளைந்திருக்கும் ஹார்னையும் விரலால் தடவிப் பாருங்கள். அடி பட்டிருந்தால் முன் விளிம்பில் புதிதாகப் பெயர்ந்த பள்ளம் இருக்கும். உடைந்த முகம் மங்கலான கறுப்பு, ஓடித் தேய்ந்த முகம் பளபளப்பு. இரண்டும் பார்த்தவுடன் வேறுபடும். ஹார்னில் செம்பு நிறக் கோடு விழுந்திருந்தால் கம்பி பானைத் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் இது ஷெட்டோடு முடிகிற விஷயம் இல்லை. எந்தக் கம்பத்து எண்ணருகே இறங்கியது என்று பைலட்டிடம் கேட்டு, டிராக்‌ஷன் பவர் கன்ட்ரோலருக்குச் சொல்லுங்கள். அடுத்த வண்டியும் அதே இடத்தில்தான் அடிபடப்போகிறது.

அடியே இல்லையென்றால் சோப்புத் தண்ணீர். ஸ்ட்ரிப்பின் இரண்டு முனை, அதிலிருந்து இறங்கும் சிறு குழாய், முழங்கை மூட்டில் குழாய் வளையும் இடம், இந்த வரிசையில் பிரஷ்ஷால் தடவுங்கள். மூன்றாவது இடத்தைப் பாண்டோ மடங்கிய நிலையில் மட்டும் பார்த்தால் கசிவு தெரியாது. ஏறிய நிலையில், பாதி ஏறிய நிலையில் என்று மூன்று உயரத்திலும் பாருங்கள். நீளம் ஒரு விரற்கடை குறைவாக வெட்டிய குழாய், வண்டி மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது ஒரு மாதிரியும் லெவல் கிராசிங்கில் வேறு மாதிரியும் இழுபடும். லெவல் கிராசிங்கில் கம்பி 5.5 மீட்டருக்குக் குறையாமல் இருக்கும், பாலத்தடியில் அதைவிடத் தாழ்ந்து வரும். "ஒரே இடத்தில் இறங்குகிறது" என்ற புகாருக்குக் கம்பியைச் சந்தேகிக்கும் முன், அந்த இடத்தில் கம்பி எவ்வளவு உயரம் என்று கேளுங்கள்.

அறிகுறி: பொறி பறக்கிறது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வண்டிக்காரரும் கம்பிக்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். ஷெட் ஆட்கள் "கம்பி சரியில்லை" என்பார்கள், கம்பியைப் பராமரிக்கும் டிஆர்டி ஆட்கள் "பாண்டோ சரியில்லை" என்பார்கள். கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம், சண்டை தேவையில்லை.

பல வண்டிகள் ஒரே இடத்தில் பொறி விட்டால் அது கம்பி. ஒரே வண்டி எல்லா இடத்திலும் விட்டால் அது பாண்டோ. சொல்லும்போது எளிது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க யாராவது இரவில் ஒரு முறை பின் கேபினில் அமர்ந்து, பொறி விழும் கம்பத்து எண்களைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். பகலில் சிறு பொறி கண்ணுக்குத் தெரியாது. குறித்த எண்களைப் பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் என்று ஒழுங்காக விழுந்தால் தாங்கும் இடங்களில் பாண்டோ தயங்குகிறது, பானுக்கு அடியில் உள்ள சிறு ஸ்பிரிங்குகள் இறுகியிருக்கலாம். எங்கோ ஒன்று இரண்டு இடத்தில் மட்டும் என்றால், கம்பியைப் பகுதியாகப் பிரிக்கும் செக்‌ஷன் இன்சுலேட்டர், ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு மாறும் ஓவர்லாப், தளர்ந்த கிளாம்ப். அதைக் கம்பிக்காரரிடம் எண்ணோடு கொடுங்கள், டவர் வேகன் வைத்துப் பார்ப்பார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 25 கிலோவோல்ட்டில் கரண்ட் குறைவு. ஒரு மெகாவாட் எடுத்தாலும் கம்பியிலிருந்து வருவது சுமார் 40 ஆம்பியர்தான். ஆகவே ஸ்ட்ரிப் கருகியிருந்தால் "லோடு அதிகம்" என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். கருகியது இடைவெளியால். பான் எங்கோ கம்பியை விட்டுப் பிரிகிறது. ஏன் பிரிகிறது என்பதே கேள்வி.

பாண்டோ பக்கம் என்று முடிவானால் விசையை அளக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் தராசைப் பானின் நடுவில் மாட்டி, பாண்டோவை ஏற்றி, தராசைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுங்கள், பான் கீழே நகரும்போது காட்டும் எண்ணைக் குறியுங்கள். அப்படியே மெதுவாக மேலே விடுங்கள், அந்த எண்ணையும் குறியுங்கள். ஒரு உதாரணம்: இழுக்கும்போது 8, விடும்போது 6 காட்டினால் நடுவில் 7, விசை சரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2, அதில் பாதி, அதாவது 1 கிலோ, உராய்வு. இன்னொரு பாண்டோ இழுக்க 9, விட 5 காட்டுகிறது என்று வையுங்கள். அதற்கும் நடு எண் 7தான். சராசரியை மட்டும் எழுதுகிற ஆள் இரண்டையும் பாஸ் போட்டுவிடுவார். ஆனால் இரண்டாவது, கம்பி தாழ்ந்தால் 9 கிலோவில் தள்ளும், கம்பி உயர்ந்தால் 5 கிலோவில்தான் பின்தொடரும். பொறி அங்கேதான் பிறக்கிறது. ஆகவே இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஒரே உயரத்தில் அளந்து நிறுத்தாமல் ஓடும் உயரம் முழுக்க நாலைந்து இடத்தில் அளங்கள். ஒரு உயரத்தில் மட்டும் வித்தியாசம் கூடினால் அந்தக் கோணத்தில் ஏதோ மூட்டு பிடிக்கிறது. எல்லா உயரத்திலும் கூடினால் பேரிங்குகள்.

உராய்வு அதிகமாக இருக்கும்போது ரெகுலேட்டரைக் கூட்டிச் சரிக்கட்டுவது நடைமுறையில் பரவலாக இருக்கிறது. செய்யவே கூடாத வேலை. பொறி குறைவது போலத் தோன்றும், ஆனால் கம்பி தேய ஆரம்பிக்கும். புதிதில் 12.24 மில்லிமீட்டர் விட்டம் உள்ள அந்தச் செம்புக் கம்பி நம் வண்டிக்கு மட்டும் சொந்தமில்லை. அதே கம்பியில்தான் எக்ஸ்பிரஸும் கூட்ஸும் போகின்றன.

இரண்டு மோட்டார் கோச் உள்ள ரேக்கில் பின் பாண்டோ மட்டும் பொறி விட்டால், முதலில் வண்டியைத் திருப்பி ஓடும்போது பாருங்கள். அப்போதும் பின்னால் வருவதே விடுகிறது என்றால், முன் பாண்டோ தூக்கி விட்ட கம்பியின் ஆட்டம் அடங்கும் முன் பின் பாண்டோ அங்கே வந்துவிடுகிறது. முன்னதன் விசையைச் சோதியுங்கள், அது அளவுக்குமேல் தள்ளுகிறதா என்று. திருப்பினாலும் அதே பாண்டோதான் விடுகிறது என்றால் குறை அதில்தான். ஒரு கோச்சில் புதியதும் மறு கோச்சில் பழையதும் வைத்து ஓட்டினால் இந்தப் புகார் அதிகம். மாற்றினால் ரேக்கில் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

அறிகுறி: கார்பன் சீக்கிரம் தீர்கிறது

ஸ்ட்ரிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல ஸ்ட்ரிப் இரும்புச்சட்டி தேய்ந்தது போல வழவழப்பாக, கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும்.

நடுவில் ஒரே குழி விழுந்தால் கம்பி அங்கேயே நிற்கிறது. கம்பியை நேராகக் கட்டுவதில்லை, நேர்ப்பாதையில் இப்பக்கம் 200, அப்பக்கம் 200 மில்லிமீட்டர், வளைவில் 300 வரை என்று வளைத்து வளைத்துக் கட்டுகிறார்கள், பான் முழுக்கச் சீராகத் தேயட்டும் என்றுதான். எல்லா வண்டிக்கும் நடுவில் குழி என்றால் இந்த வளைப்பை, ஸ்டாகர் என்பார்கள், கம்பிக்காரர் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு மட்டும், அதுவும் ஒரு ஓரத்தில் என்றால் பாண்டோ கூரையின் நடுவில் உட்காரவில்லை அல்லது சாய்ந்திருக்கிறது. பழைய கூரையில் இது சகஜம். பல வருடம் ஓடிய கோச்சில் இன்சுலேட்டர் உட்காரும் நாலு பீடமும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. துருவை எடுத்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்து, மேலே பெயின்ட் அடித்து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரமாகிவிடும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது மட்டப்பலகையை முதலில் பீடத்தில் வையுங்கள், பிறகு பாண்டோ அடிச்சட்டத்தில், கடைசியில் பானில். எந்தப் படியில் மட்டம் போகிறதோ அங்கே ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். பானை வளைத்து நேராக்குவது வேண்டாம்.

பரப்பு முழுக்கச் சொரசொரப்பாக, செம்புத் துகள் பதிந்து, வேகமாகத் தேய்ந்தால் கம்பியின் அடிப்பரப்பு கரடாகிவிட்டது. இந்திய ரயில்வேயில் முன்பு எஃகு ஸ்ட்ரிப்தான், கிராஃபைட் கிரீஸ் தடவி ஓட்டினார்கள். உலோகம் ஊட்டிய கார்பனுக்கு மாறியபோது எஃகு வண்டியும் கார்பன் வண்டியும் ஒரே கம்பியில் ஓடினால் கார்பன்தான் அடி வாங்கியது, ஏனென்றால் எஃகு கீறிவிட்ட கம்பி கார்பனை அரம் போல ராவும். பொறி அதிகமாக விடும் ஒரு வண்டியும் கம்பியை அதே மாதிரிக் கரடாக்கும். இந்த நிலையில் உங்கள் ஸ்ட்ரிப்பின் தரத்தை மாற்றிப் பயனில்லை. கம்பியைக் கெடுக்கும் வண்டி எது என்று தேட வேண்டும். ஒரே பானில் இரண்டு கம்பெனி ஸ்ட்ரிப்பைக் கலப்பதும் கூடாது, மிருதுவானது முதலில் தேய்ந்து கடினமானது தனியாகச் சுமக்கும். இன்னொன்று, கார்பன் ஸ்ட்ரிப்பில் கிரீஸ் தடவாதீர்கள். எஃகு காலப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது.

அறிகுறி: தூறலில் ட்ரிப், பெருமழையில் இல்லை

வெளியூரிலிருந்து வரும் எஞ்சினியர்கள் இதைக் கேட்டுக் குழம்புவார்கள். நம் ஊர்க்காரருக்குக் குழப்பம் வேண்டாம், கடல் பக்கத்தில் இருக்கிறது. மழையில்லாத மாதங்களில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து இன்சுலேட்டரின் மேல் படியவைக்கிறது. கடலூர் சிப்காட் பக்கம் ஆலைப் புகையும் தூசியும் அதோடு சேரும். உலர்ந்திருக்கும்வரை அந்தப் படிவம் ஒன்றும் செய்யாது. விடியற்காலைப் பனியோ சிறு தூறலோ அதை ஈரமாக்கினால் உப்புநீர்ப் படலமாகி மின்சாரத்துக்கு வழி கிடைக்கிறது. பெருமழை பெய்தால் எல்லாம் கழுவிப் போய்விடும், பிரச்சினை நின்றுவிடும். புயலை ஒட்டியும் கவனம் தேவை. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலும் கரை கடந்தது இந்தக் கரையில்தான். காற்று அடித்து மழை நின்ற பிறகு இன்சுலேட்டர்களைத் துடைக்காமல் பாண்டோவை ஏற்றுவது துணிச்சல் இல்லை, அஜாக்கிரதை.

இன்சுலேட்டரின் மேற்பரப்பை ஒட்டி மின்சாரம் நடக்க வேண்டிய தூரத்தைக் கிரீப்பேஜ் என்கிறோம். ஓஎச்இயில் சாதாரண இடத்துக்கு 850 மில்லிமீட்டர், மாசுள்ள இடத்துக்கு 1050 என்று வைத்திருக்கிறார்கள். கூரை இன்சுலேட்டருக்கும் அதே யோசனை பொருந்தும். உள்நாட்டில் ஓடிய ரேக் இங்கே வரும்போது அதன் பாண்டோ கால் இன்சுலேட்டர் எந்த அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பாண்டோவைப் பழைய இன்சுலேட்டரின் மேலேயே உட்கார வைத்திருந்தால், பளபளப்புப் போன, மயிரிழை வெடிப்பு விட்ட இன்சுலேட்டர் எத்தனை துடைத்தாலும் உப்பை மறுபடி இழுத்துப் பிடிக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

கூரையெல்லாம் துடைத்தும் ட்ரிப் நிற்கவில்லையா? பெரும்பாலானோர் பார்க்காத ஒரு இடம் இருக்கிறது. கூரையிலிருந்து பாண்டோவுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். அதன் ஒரு முனை எர்த்தில், மறு முனை 25 கிலோவோல்ட்டில். குழாயே ஒரு இன்சுலேட்டர்தான். வெளியே துடைத்துவிடுகிறோம். உள்ளே? கம்ப்ரசரிலிருந்து வரும் எண்ணெய் கலந்த தண்ணீர் உள்சுவரில் படிந்தால் மின்சாரம் உள்ளேயே வழி தேடும். குழாயைக் கழற்றி ஒரு முனையை டார்ச்சுக்கு நேராகப் பிடித்து மறு முனையில் கண்ணை வைத்துப் பாருங்கள். உள்சுவரில் மரக்கிளை போலப் பிரிந்து ஓடும் கறுப்புக் கோடு தெரிந்தால் வேலை முடிந்தது, கழுவிப் போட வேண்டாம், புதிது போடுங்கள். அதோடு தண்ணீர் வரும் காரணத்தையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புதிதும் அதே வழி போகும். வெள்ளைத் துணிச் சோதனையில் ஈரம் கண்ட வண்டிகளில் இந்தக் குழாயை ட்ரிப் வரும்வரை காத்திராமல் பாருங்கள்.

அறிகுறி: சில மாதம் நன்றாக ஓடியது, இப்போது இறுகுகிறது

தராசில் உராய்வு மாதாமாதம் கூடுகிறது, கிரீஸ் அடித்தால் ஒரு வாரம் சரியாகிறது, மறுபடி கூடுகிறது. இதற்கு இரண்டு காரணம்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, ஷண்ட். மூட்டுகளைத் தாண்டி மின்சாரம் போகச் செம்பு இழைப் பின்னல் கட்டியிருப்பார்கள். அது அறுந்தாலோ, முனை துருப்பிடித்தாலோ, மாற்றும்போது ஒன்றைக் கட்ட மறந்தாலோ மின்சாரம் பேரிங்கின் வழியாகப் போகும். ஒவ்வொரு குண்டும் தொடும் இடத்தில் நுண்ணிய பொறி விட்டுச் சின்னச் சின்னப் பள்ளமாகும். பேரிங்கைக் கையில் சுற்றினால் மணல் போட்டது போல நரநரவென்று தெரியும். பேரிங்கை மட்டும் மாற்றாதீர்கள், ஷண்டை எண்ணுங்கள். தயாரிப்பாளர் படத்தில் எத்தனை, கூரையில் எத்தனை என்று. பின்னலில் கால்வாசி இழை பிய்ந்திருந்தாலே புதிது கட்டுவது என் வழக்கம்.

இரண்டாவது, உலோகங்கள் ஒன்றோடொன்று சேராதது. புதிய பாண்டோ அலுமினியச் சட்டம். பழைய வண்டியின் கேபிள் முனை செம்பு. போல்ட் எஃகு. கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் யாரையும் கேளுங்கள், அலுமினியத்தில் செம்பைக் கட்டி உப்புக்காற்றில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுவார். அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும், தொடர்பு சூடாகும், போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். செம்பு முனைக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் இருஉலோகத் தகடு வைக்க வேண்டும், தொடும் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தொடர்பு கிரீஸ் பூசி, டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். மாற்றும் கிட்டில் அந்தத் தகடு வந்திருக்கும், பழைய கேபிளோடு பொருந்தவில்லை என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். பொருந்தாவிட்டால் கேபிள் முனையை மாற்றுங்கள், தகட்டை விடாதீர்கள். மூட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அடுத்த பராமரிப்புவரை காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி: இறங்க மறுக்கிறது, அல்லது மெதுவாகப் பிரிகிறது

இறங்கும்போது பான் கம்பியை விட்டுச் சட்டென்று பிரிய வேண்டும், அதன்பின் கூரையை நெருங்கும்போது மெதுவாக உட்கார வேண்டும். மெதுவாகப் பிரிந்தால் வில் போல ஆர்க் நீளும். இறக்கும் பக்கத் திராட்டிலும், காற்றை வெளியே விடும் துவாரமும் பாருங்கள். அந்தத் துவாரத்தில் குளவி கூடு கட்டும், பெயின்ட் அடிக்கும்போதும் அடைந்துவிடும்.

ஓட்டத்தில் இறங்க மறுத்தால் அல்லது ஓஎச்இ பாண்டோவில் சிக்கிவிட்டால் அது பிழை நீக்கும் வேலையே இல்லை. பைலட் வண்டியை உடனே நிறுத்தி, பாண்டோ ஸ்விட்சை இறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பக்கத்துத் தடத்துக்கும் பாதுகாப்புச் செய்து, கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டும். அறுந்து தொங்கும் கம்பி செத்த கம்பி என்று யாரும் நினைக்கக் கூடாது. பயணிகளை வண்டிக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். டவர் வேகன் வந்து எடுத்த பிறகு, சிதைந்த பானைக் குப்பையில் போடும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கம்பி முதலில் தொட்ட கீறல் எது, பிறகு இழுத்த கீறல் எது என்று அந்தப் படத்திலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும்.